மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைக்கு டிரெட்மில் பயிற்சியால் நடை தேறுமா?

ஐந்து வயது மகன், இரண்டு கால்களிலும் இறுக்கம், வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறான், வீட்டுக்கே ஒரு டிரெட்மில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். பயிற்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் மகளுக்கும் இதே வகைதான். ஆறு வயதில் டிரெட்மில் ஏறினாள், இப்போது பதினொன்று. நான் மருத்துவர் இல்லை. பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்த அப்பா, அவ்வளவுதான்.

தரையில் அவள் ஓரடி வைப்பாள், நிற்பாள், விழுந்துவிடுவோமோ என்று யோசிப்பாள், அப்புறம் அடுத்த அடி. பெல்ட் யோசிக்க விடாது. ஊன்றிய காலை அதுவே பின்னால் இழுத்துக்கொண்டு போகும். இடுப்பு மூட்டு நன்றாகப் பின்னால் நீண்டதும், அந்தக் காலை முன்னே வீசும் தூண்டுதல் தண்டுவடத்திலேயே கிளம்பும் என்று பிசியோ விளக்கினார். அவர் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் குதிகால் முதலில் படும்படி பாதத்தைப் பிடித்துவைப்பார். அவர் கை எடுத்ததும் பாதத்தின் நுனி பெல்ட்டில் உரசும் ‘சர்ர்’ சத்தம் கேட்கும். சத்தம் இல்லாமல் பத்து அடி வந்தால் அது நல்ல நாள். பெல்ட்டில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தோம். அது சுற்றி வரும்போதெல்லாம் இவள் எண்ணுவாள். அலுப்புக்கு அதைவிட நல்ல மருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் போன இடத்தில் நாங்கள் ஏமாந்தோம். மேலிருந்து தொங்கும் ஹார்னஸை (உடலைத் தாங்கும் வார்ப்பட்டையை) இறுக்கி, அவள் எடையில் பெரும்பகுதியை அதுவே சுமக்கும்படி வைத்துவிட்டார்கள். கால்கள் நுனியில் பெல்ட்டைத் தொட்டுத் தொட்டு அழகாக ஓடும். வீடியோ எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துத் தரையில் ஒரு மாற்றமும் இல்லை. எடையைக் கால் தாங்கினால்தானே கால் கற்றுக்கொள்ளும்? ஹார்னஸின் தாங்கலை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்பது இரண்டாவது பிசியோவிடம்தான் தெரிந்தது. கைப்பிடியும் அப்படித்தான். தோள் காது வரை ஏறியிருந்தால், குழந்தை கையால் நடக்கிறது என்று அர்த்தம்.

ஆய்வுகள் சொல்வதும் அடக்கமாகத்தான் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு 17 ஆய்வுகளையும் அவற்றில் பங்கெடுத்த 451 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தது. நடைப்பயிற்சியே இல்லாதவர்களைவிட இயந்திரத்தில் நடந்தவர்களின் வேகம் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் எடையைத் தாங்கிப்பிடித்து இயந்திரத்தில் நடப்பதையும், அதே அளவு தரையில் நடப்பதையும் ஒப்பிட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என் அனுபவமும் இதேதான். இயந்திரத்தில் மந்திரம் ஏதுமில்லை. தரையில் ஐம்பது அடியில் சோர்ந்துவிடும் குழந்தையை அது நூற்றுக்கணக்கான அடி வைக்கவிடுகிறது. இந்தப் பிள்ளைகளின் இயக்கத் திறனைப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை அளவில் வாக்கரோடு நடப்பவர்கள் மூன்றாம் நிலை, துணையில்லாமல் நடப்பவர்கள் முதல் நிலை. அங்கிருந்து டிரெட்மில் உங்கள் மகனை முதல் நிலைக்குத் தூக்கிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால், அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டு இயந்திரத்தில் வேறு சிக்கலும் உண்டு. பல மாடல்களின் மிகக் குறைந்த வேகமே மணிக்கு 0.8 அல்லது 1 கிலோமீட்டர். இறுக்கமான குட்டிக் கால்களுக்குத் தொடக்கத்தில் அதுவே அதிகமாக இருக்கலாம். கைப்பிடி பெரியவர்கள் உயரத்தில் இருக்கும். எங்கே பயிற்சி செய்தாலும் அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப் சட்டையில் மாட்டியிருக்கவேண்டும், பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். தொடங்கும் முன் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது, தொடக்கத்தில் அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. வலிப்பு இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கணக்கு வாரம் மூன்று நாள், 20 நிமிடம். இறங்கிய கையோடு ஸ்பிளிண்ட் (கணுக்காலைத் தாங்கும் பட்டை), வாக்கருடன் ஐந்து நிமிடம் தரையில். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பெல்ட்டில் வந்தது தரைக்குத் தானாக இறங்கி வராது.

ஆரம்பிக்கும் முன் தரையில் 10 மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் முதல் நாள் 41, எட்டாவது வாரம் 33. அதற்கடுத்த எட்டு வாரம் கழித்து 32. சரி, போதும் என்று நிறுத்திவிட்டு மூன்று சக்கர சைக்கிளுக்கு மாறினோம். அதுவும் அவளே கேட்டதுதான்.