முன்பதிவு இல்லாமல் அக்டோபர்ஃபெஸ்டில் ஒரு நாள்

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து பியர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டுக்குச் செவ்வாயன்று ஒரே ஒரு நாள் போகலாமா, நான்கு பேர், முன்பதிவு இல்லை, தங்கை குடிக்கமாட்டார், கையில் லேப்டாப் பை இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் போங்கள் நண்பரே. மைதானத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பியர் பரிமாறும் பெரிய கூடாரங்களில் முன்பதிவில்லாதவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள். காலை 11 மணிக்குள் போய்விடுங்கள், மாலையில் ரொம்பக் கஷ்டம். உட்கார இடம் பிடித்தால்தான் பியரே வரும்.

எனக்குக் கவலை அந்த ஒரு லிட்டர் குவளைதான். 'மாஸ்' என்பார்கள். மியூனிக் நகரத்து ஆறு ஆலைகளின் பியர் மட்டுமே கிடைக்கும், ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். இனிப்பாக இறங்குவதால் அளவு தெரியாது. முதலில் சுட்ட கோழியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குடியுங்கள். இரண்டாவது குவளையை யோசித்து வாங்குங்கள். தங்கைக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானம் கிடைக்கும். செவ்வாய் குடும்ப நாள் என்பதால் ராட்டினங்களிலும் கட்டணம் குறைவு, அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

அப்புறம், அந்த லேப்டாப் பை வேண்டாம். 3 லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முதன்மை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு நடந்தே போகலாம். ரொக்கமும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.