களுவாஞ்சிகுடியிலிருந்து டோட்மண்ட் வரை: முதன்முறை விமானம் ஏறும் பெற்றோருக்கு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. கணவருக்கு 69 வயது. அவர் நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுகிறார். முழங்கால் வலியும் உண்டு. ஜேர்மனியின் டோட்மண்ட் நகரில் வாழும் மகள் தனது பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு எங்களை அழைத்திருக்கிறாள். விசா கிடைத்துவிட்டது. மே மாத நடுப்பகுதியில் கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் வழியாக டுசெல்டோர்புக்கு ஒரே பயணச்சீட்டாக எடுத்து அனுப்பியுள்ளாள். நாங்கள் இருவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. வழமைபோல இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விடுவோம். ஆனால் டுபாயில் வழிதவறிவிடுவோமோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. மருந்துகளை எப்படிக் கொண்டுபோவது? ஊரிலிருந்து எந்தச் சாமான்களைக் கொண்டுபோகலாம்? மகள் ஆசைப்படும் எருமைத் தயிர் ஒரு சட்டி எடுத்துச்செல்ல முடியுமா?
– பேத்தியைக் காணக் காத்திருக்கும் அம்மம்மா, களுவாஞ்சிகுடி

பதில்:

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் டுபாய் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. கட்டுநாயக்கவுக்குப் போகும் வழியோ "வழமைபோல" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பயத்தை மாற்றி வைத்துக்கொள்வேன். உங்களிடம் இருப்பது ஒரே பயணச்சீட்டு என்பதால், கட்டுநாயக்கவில் ஒப்படைக்கும் பெட்டிகள் டுசெல்டோர்பிலேயே உங்கள் கைக்கு வரும். முதல் விமானம் தாமதித்து டுபாயில் அடுத்த விமானம் தவறினாலும், அடுத்த வாய்ப்பில் உங்களை ஏற்றி அனுப்பும் கடமை விமான நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் நீங்கள் ஏறிய பஸ் ஹபரணையில் பழுதாகி நின்றால் அதற்குப் பொறுப்புச் சொல்ல எவரும் இல்லை. பயணச்சீட்டின் காசும் திரும்பி வராது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழி மாதம், இரவு பஸ்ஸில் புறப்பட்டால் விடியற்காலையில் போய்ச் சேர்ந்து காலை விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மன்னம்பிட்டியில் வெள்ளம் வீதியை மூடியிருந்தது. பஸ் திரும்பி வேறு வழி தேடி அலைந்து முடிக்க, நான் ஏறவேண்டிய விமானம் வானத்தில் இருந்தது. மே மாதத்தில் எமது பக்கம் வெயில்தான், ஆனால் மேற்கில் தென்மேல் பருவமழை தொடங்கும் காலம் அது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேல் மாகாணத்தை வெள்ளம் மூடியது மே மாதத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புகையிரதத்தில் போகலாம் என்றால், மட்டக்களப்புப் பாதை யானைகள் கடக்கும் காடுகளை ஊடறுத்துச் செல்கிறது. நேர அட்டவணையை நம்பி விமானத்தைப் பிடிக்கும் பாதை அதுவல்ல.

ஆகவே விமான நாளுக்கு முதல்நாள் பகலில் புறப்படுங்கள். வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்த வசதியிருந்தால், பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வந்து, அங்கிருந்து கொழும்பு நகருக்குள் நுழையாமலேயே நீர்கொழும்புப் பக்கம் இறங்கலாம். முந்நூறு கிலோமீற்றர் அளவான அந்தத் தூரத்தில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கிக் காலாற நடந்தால் கணவரின் முழங்காலுக்கும் நல்லது. நீர்கொழும்பிலோ விமான நிலையத்துக்கு அண்மையிலோ ஓர் இரவு தங்குங்கள். அந்தச் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம். தூங்கி எழுந்து, குளித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஊசியும் ஏற்றிக்கொண்டு போகும் மனிதருக்கும், இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வந்த நீரிழிவுக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை டுபாயில் இறங்கும்போது நீங்களே காண்பீர்கள். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் நிலையத்தின் வாசலில் நின்றால் போதும்.

இனி டுபாய். கணவருக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சக்கர நாற்காலி உதவியைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. இது இலவசம். குறைந்தது 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் விமான நிறுவனத்துக்கு அறிவித்துப் பயணப்பதிவில் சேர்க்க வேண்டும். மகளே அங்கிருந்து செய்து முடிக்கலாம். கட்டுநாயக்கவில் ஒருவர் தள்ளிச் செல்வார், டுபாயில் விமானக் கதவடியில் இன்னொருவர் காத்திருப்பார், அடுத்த விமானத்தின் வாயில்வரை அவரே கொண்டுபோய் விடுவார். கூடவே நடந்து போகும் உங்களுக்கு வழிதவறும் பயம் அத்துடன் தீர்ந்தது. நன்றாக ஓடித்திரியக்கூடியவர்கள்கூட வரிசையைத் தவிர்ப்பதற்காக இந்த உதவியைக் கேட்கிறார்கள் என்பதும், அதனால் உண்மையில் தேவைப்படுபவர்கள் காத்திருக்க நேர்கிறது என்பதும் எனக்கு வருத்தம் தரும் விடயம். உங்கள் கணவரின் நிலை அதுவல்ல. உதவியாளர் வரத் தாமதித்தாலும் பதற்றம் வேண்டாம். விமானச் சீட்டில் பறப்பு இலக்கம் இருக்கும். அதே இலக்கத்தைத் திரையில் தேடினால் வாயிலின் எழுத்தும் எண்ணும் தெரியும். வாயில் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு என்பதால், சீட்டில் அச்சிட்டதைவிடத் திரையில் தெரிவதையே நம்புங்கள். டுபாய் நேரம் எமது நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. இறங்கியவுடன் கைக்கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

மருந்து பற்றிய பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். இன்சுலினை ஒருபோதும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. அங்கே குளிரில் உறைந்துபோக வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் இளகினாலும் பயன்படாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். இன்சுலின், ஊசி, சீனி பார்க்கும் கருவி, குளிசைகள் அனைத்தும் கைப்பையில், மருந்தகம் ஒட்டிய பெயர்ச்சீட்டோடு இருக்கட்டும். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். கைப்பையில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக்கூடாது என்ற விதி மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் சோதனையின்போது அதை நீங்களாகவே வெளியே எடுத்துக் காட்டவேண்டும். குளிர்ப்பையில் வைத்தால் ஐஸ் கட்டி மருந்தில் நேராகத் தொடாதபடி துணியால் சுற்றுங்கள். தங்கும் நாட்களுக்குத் தேவையானதைவிடச் சில வாரங்களுக்குக் கூடுதலாக எடுத்துச்செல்வது நல்லது.

ஊசி ஏற்றும் நேரத்தை நான் தீர்மானித்துச் சொல்வது முறையல்ல. கோடைகாலத்தில் ஜேர்மனி எமக்கு மூன்றரை மணித்தியாலம் பிந்தியிருக்கும்; அதாவது நீங்கள் மேற்கே பறக்கும் அந்த நாள் மூன்றரை மணித்தியாலத்தால் நீளும். டுபாய் வரை ஏறத்தாழ நான்கரை, அங்கிருந்து ஏழு மணித்தியாலம் என்ற பறப்பு நேரத்தையும் உணவு வரக்கூடிய வேளைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டினால், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அவர் குறித்துத் தருவார். உணவுக்கு முன் ஏற்றும் ஊசி என்றால், தட்டு கண்முன் வந்த பின்னரே ஏற்றச் சொல்லுங்கள். வானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். ஊசி ஏற்றிவிட்டு வெறும் வயிற்றோடு காத்திருப்பதுதான் ஆபத்து. குளுக்கோசும் பிஸ்கட்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தண்ணீரை அடிக்கடி குடித்து, மணிக்கொருதரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறைய இடமுண்டு.

உணவு பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சைவக்காரர் பலர் ஏமாறும் இடம் இது. விமான உணவுப் பட்டியலில் 'இந்து உணவு' என்று இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி இல்லாத மச்ச உணவு. கோழியோ ஆடோ வரும். சைவம் வேண்டுமானால் 'ஆசிய மரக்கறி உணவு' என்று பதிய வேண்டும். நீரிழிவுக்காரருக்கென்றும் தனி உணவு உண்டு. இரண்டையும் பறப்புக்கு 24 மணித்தியாலங்களுக்கு முன்னரே மகள் பதிந்துவிடட்டும்.

கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவை மீண்டும் ஒருமுறை பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாட்கள் தங்கலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது எண்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், திரும்பும் பயணச்சீட்டை விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய, ஜேர்மனியும் அடங்கிய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. 2025 ஒக்டோபர் 12 முதல் அந்நாடுகளின் எல்லைகளில் வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு நாள் கூடினாலும் அது தானாகவே தெரிந்துவிடும். குடிவரவு அதிகாரி எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார். சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். மகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும், அழைப்புக் கடிதமும், திரும்பும் சீட்டும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதிப் பத்திரமும் தாளில் அச்சிட்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். மின்கலம் இறங்கினால் அதுவும் இறங்கும். பவர் பேங்க் கொண்டுபோவதானால் அதைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். விமானத்தினுள் அதைப் பயன்படுத்துவதைச் சில நிறுவனங்கள் இப்போது தடைசெய்துள்ளன.

இனி, நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்த ஒரு சங்கடம். நீங்கள் ஜேர்மனிக்குப் போகிறீர்கள் என்ற செய்தி பரவியதும், "டீச்சர், இந்தச் சின்னப் பார்சலை மட்டும் என்ர மகனுக்குக் குடுத்து விடுங்கோ" என்று ஐந்தாறு பேராவது வருவார்கள். அவர்களில் உங்களிடம் படித்தவர்களும் இருப்பார்கள்; மறுக்க மனம் வராது. ஆனால் சுங்கத்தின் முன் உங்கள் பெட்டியில் உள்ளது எதுவானாலும் அது உங்களுடையதுதான். ஒட்டிக் கட்டிய பொதி எதையும் வாங்காதீர்கள். வாங்கியே ஆகவேண்டிய நெருங்கிய உறவென்றால், அவர்கள் முன்னிலையிலேயே திறந்து, என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, உங்கள் கையாலேயே அடுக்குங்கள். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும், நிறை கூடிவிட்டது என்று மருமகன் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள், மருமகன்மார் இந்தப் பழியைத் தாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் சாமான்களில் கறித்தூள், மிளகாய்த்தூள், அரிசிமா, வறுத்த முந்திரிப்பருப்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை. கருவாடும் மாசியும் போகும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மீன்வகையை ஒருவர் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். ஆனால் மணம் வெளியே வராதபடி மூன்று நான்கு உறைகளில் இறுகக் கட்டாவிட்டால் பேத்திக்கு வாங்கிய சட்டையெல்லாம் கருவாட்டு மணம் வீசும். இறைச்சி எந்த வடிவிலும் ஆகாது. பச்சைக் கருவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய், பச்சைமிளகாய் எல்லாவற்றுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பர் முதல் இந்த விதி கடுமையாகியுள்ளது. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. கருவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கிக் கறித்தூளோடு சேர்த்துவிடுங்கள். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வேண்டாம்.

இன்னும் சில. மே மாதக் காலையில் அங்கே எமக்குப் பழக்கமில்லாத குளிர் இருக்கும். கம்பளிச் சட்டையும் காலுறையும் விமானத்திலேயே கையோடு இருக்கட்டும். இரவு ஒன்பது மணி கடந்தே சூரியன் மறையும் என்பதால், விளக்கேற்றும் நேரத்தை மகளிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதக் கூசியிருப்பீர்கள், ஆனால் எல்லோரும் தவிக்கும் விடயம்: கழிவறைகளில் தண்ணீர்க் குழாய் இராது. கைப்பையில் ஒரு வெறும் பிளாஸ்ரிக் போத்தல் வைத்திருங்கள். சோதனையைக் கடந்த பின்னர் நிரப்பிக்கொள்ளலாம். டோட்மண்டுக்குக் கிழக்கே, அதிக தூரமில்லாத ஹம் நகரில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. அதன் தேர்த்திருவிழா பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். நீங்கள் நிற்கும் நாட்களுக்குள் வருகிறதா என்று இப்போதே மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று அங்கே ஊர்முகங்கள் பல தென்படும்.

கடைசியாகத் தயிர். பாலும் பாற்பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரத் தடை. எருமைத் தயிரை டுசெல்டோர்ப் சுங்கத்தில் எடுத்து எறிவார்கள். ஆனால் வெறும் மண்சட்டிக்குத் தடையில்லை. பாவித்த சட்டி வேண்டாம். புதுச்சட்டி ஒன்றை வாங்கி, கணவரின் சாரத்தில் சுற்றி, உள்ளே பேத்தியின் சட்டைகளைத் திணித்துக் கைப்பையில் வையுங்கள். பால் அங்கே கடையில் இருக்கிறது. உறைமோருக்கு அங்குள்ள தயிரே போதும். எருமைப்பால் கிடைப்பது கடினம் என்பதால் ஊர்த் தயிரின் கட்டி வராது. சட்டியின் மணம் ஏறும்.