அமெரிக்க மாநிலங்களில் தன்பாலினத் திருமண வழக்குகள்: கேள்வி பதில்

தன்பாலினத் திருமணம் தொடர்பாக அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாடு முழுவதற்கும் ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கும்போது, மாநிலம் மாநிலமாக ஏன் வழக்காடினார்கள்?

பதில்: உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள், போன வேகத்தில் திரும்பினார்கள். 1970-இல் மினசோட்டா மாநிலத்தின் ஹென்னபின் மாவட்டத்தில் இரண்டு ஆண்கள் திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள். அலுவலர் மறுத்தார், மாநில உச்ச நீதிமன்றமும் 1971-இல் அந்த மறுப்பைச் சரி என்றது. மேல்முறையீடு வாஷிங்டனுக்கு வந்தபோது, 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணையே நடத்தாமல், கூட்டாட்சிச் சட்டம் சார்ந்த கணிசமான கேள்வி எதுவும் இதில் இல்லை என்று ஒற்றை வரியில் தள்ளுபடி செய்தது. அந்த வகைத் தள்ளுபடி, வழக்கின் சாரத்தின் மீது அளிக்கப்பட்ட தீர்ப்பாகவே கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே அந்த ஒரு வரி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் வாசலை அடைத்து நின்றது.

வழக்கறிஞர்கள் கண்ட மாற்றுவழி மாநில அரசமைப்புச் சட்டம். ஒரு மாநிலத்தின் அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்லே இறுதியானது. அதை மட்டும் ஆதாரமாகக் கொண்ட தீர்ப்பை எதிர்த்து வாஷிங்டனுக்குப் போக முடியாது. பின்னால் நடந்த பெரும்பாலான திருப்பங்களை இந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டால்தான் புரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: முதல் வெற்றி ஹவாயில் கிடைத்தது என்று படித்தேன். சரிதானா?

பதில்: பாதி சரி. திருமண உரிமத்தை மறுப்பது பால் அடிப்படையிலான பாகுபாடு என்றும், அதற்கு வலுவான காரணத்தை அரசு நிறுவ வேண்டும் என்றும் ஹவாய் உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியது. 1996-இல் விசாரணை நீதிபதி கெவின் சாங், அரசு அதை நிறுவவில்லை என்று தீர்ப்பளித்தார். ஆனால் மேல்முறையீடு முடிவதற்குள், 1998-இல் வாக்காளர்கள் மாநில அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, திருமணத்தை ஆண்–பெண் இணைகளுக்கு மட்டும் என வரையறுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில், ஹவாயில் நடக்கும் திருமணத்தைப் பிற மாநிலங்களும் ஏற்க நேருமோ என்ற அச்சத்தில் தன்பாலினத் திருமணத்தைக் கூட்டாட்சி அரசு ஏற்காது, பிற மாநிலங்களும் ஏற்கத் தேவையில்லை என்று கூறும் திருமணப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 1996-இல் நிறைவேற்ற, அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஒரு திருமணம்கூட நடந்திராத வழக்குக்காக நாடு தழுவிய சட்டம் வந்தது என்பதே என் கணிப்பில் இந்த வரலாற்றின் விந்தையான பகுதி.

கேள்வி: மாசசூசெட்ஸ் தீர்ப்பு ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

பதில்: உண்மையான திருமணங்கள் அங்கேதான் தொடங்கின. 2003 நவம்பர் 18 அன்று, தலைமை நீதிபதி மார்கரெட் மார்ஷல் எழுதிய தீர்ப்பில், நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்த மாநில நீதிமன்றம் மறுப்பைச் செல்லாது என்றது. வெர்மான்ட் 2000-இல் செய்தது போல, திருமணம் என்ற பெயரைத் தவிர்த்துச் 'சிவில் இணைவு' அளித்தால் போதுமா என்று மாநில மேலவை கேட்டதற்கு, போதாது என்ற பதிலே கிடைத்தது. 2004 மே 17 பிறந்த நள்ளிரவிலேயே கேம்பிரிட்ஜ் நகர மன்றம் கதவைத் திறந்து விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது. எதிர்வினையும் உடனே வந்தது: அதே ஆண்டில் 13 மாநிலங்கள் தடையைத் தங்கள் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டன, அவற்றில் 11, நவம்பரில் ஒரே நாள் வாக்கெடுப்பில்.

கேள்வி: மக்கள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டியதை நீதிபதிகள் தீர்மானிப்பது முறையா?

பதில்: அயோவா மாநிலத்தில் இந்தக் கேள்வி வாக்குச்சீட்டிலேயே வந்தது. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. 2010-இல், பதவியில் தொடரலாமா என்ற வாக்கெடுப்பைச் சந்தித்த மூன்று நீதிபதிகளும் தோற்றார்கள். தீர்ப்போ நிலைத்தது. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடாமல் காப்பதுதான் அரசமைப்புச் சட்டத்தின் வேலை என்பது என் நிலைப்பாடு. ஆனாலும் அந்த மூவர் கொடுத்த விலையைப் பார்க்கும்போது, எதிர்த்தரப்பின் கோபத்தை வெறும் கூச்சல் என்று தள்ளிவிட இயலாது.

கேள்வி: கலிபோர்னியாவில் அனுமதித்தார்கள், தடுத்தார்கள், மீண்டும் அனுமதித்தார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: 2008 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, நவம்பரில் எட்டாம் முன்மொழிவு என்ற வாக்கெடுப்பு தடுத்தது. 2010-இல் கூட்டாட்சி நீதிபதி வான் வாக்கர் அந்தத் தடையை நீக்கினார். மாநில அரசு தடைக்காக வாதாட மறுத்ததால் அதன் ஆதரவாளர்களே மேல்முறையீடு செய்தார்கள். அவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் முடித்துவிட்டதால், வாக்கரின் தீர்ப்பே நிலைத்தது.

கேள்வி: அப்படியானால் உச்ச நீதிமன்றத்தின் மனம் எப்போது மாறியது?

பதில்: அதே 2013 ஜூன் 26 அன்று, மற்றொரு வழக்கில். நியூயார்க்கைச் சேர்ந்த எடித் விண்ட்சர், தியா ஸ்பையரை 2007-இல் டொரன்டோவில் மணந்தார். 2009-இல் ஸ்பையர் இறந்தபோது, கணவனோ மனைவியோ கட்டத் தேவையில்லாத வாரிசுச் சொத்து வரியாக 3,63,053 டாலர் கட்டும்படி விண்ட்சரிடம் கேட்கப்பட்டது; 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அவரை மனைவியாகக் கருதவில்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று நீதிபதி கென்னடி எழுதினார். இந்தத் தர்க்கம் நாளை மாநிலத் தடைகளையும் வீழ்த்தும் என்று நீதிபதி ஸ்கேலியா மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் யூட்டா மாநிலத் தடையை நீக்கிய நீதிபதி ராபர்ட் ஷெல்பி, ஸ்கேலியா சொன்னது சரியே என்று அவரையே மேற்கோள் காட்டினார்!

கேள்வி: 2015 தீர்ப்புக்குக் காரணமான வழக்கு எப்படி வந்தது?

பதில்: ஓஹையோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கெஃபெல்லின் இணையர் ஜான் ஆர்தர், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் படுக்கையில் இருந்தார். 2013 ஜூலையில் இருவரும் மருத்துவ விமானத்தில், தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த மேரிலாந்து சென்று, ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஆர்தரின் இறப்புச் சான்றிதழில் ஓபர்கெஃபெல்லின் பெயர் கணவராக இடம்பெற வேண்டும் என்பதே வழக்கு. 2014 நவம்பரில், பல மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சி நீதிமன்றமான ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 1972-இன் அந்த ஒற்றை வரியை முக்கியமாக எடுத்துக்காட்டி, ஓஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலத் தடைகளையும் ஏற்றது. மற்ற வட்டார நீதிமன்றங்கள் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்ததால் உச்ச நீதிமன்றம் தலையிட்டே ஆக வேண்டியதாயிற்று. 2015 ஜூன் 26 அன்று, மீண்டும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எல்லா மாநிலங்களும் தன்பாலினத் திருமணத்துக்கு உரிமம் அளிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1972-ஆம் ஆண்டு முடிவும் வெளிப்படையாக ரத்து செய்யப்பட்டது.

கேள்வி: கருக்கலைப்புத் தீர்ப்பைப் போல இதையும் மாற்றிவிடுவார்களா?

பதில்: 2022-இல் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் இதையும் மறுபரிசீலனை செய்யலாம் என்று தனியாக எழுதியதால்தான் அந்த அச்சம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம், ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தைப் பிற மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் ஏற்க வேண்டும் என்கிறது. உரிமம் கொடுக்குமாறு எந்த மாநிலத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. பல மாநில அரசமைப்புச் சட்டங்களில் பழைய தடை வாசகங்கள் அப்படியே இருக்கின்றன. 2015 தீர்ப்பு போனால் அவை உயிர்பெறக்கூடும். 2024 நவம்பரில் கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் ஆகிய மாநிலங்களின் வாக்காளர்கள் தத்தம் சட்டத்திலிருந்து அத்தகைய வாசகங்களை நீக்கினார்கள்.