நெஞ்சுவலியே இல்லை, எதற்கு இதயப் பரிசோதனை?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, வயது 52. நாலு வருடமாகச் சர்க்கரை, பிபி மாத்திரையும் உண்டு. ஒரு வருடமாக உறவின்போது விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. கூட்டாளி ஒருவர் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், போடலாமா? டாக்டரோ இதயத்தைப் பார்க்கச் சொல்கிறார். எனக்கு நெஞ்சுவலியே வந்ததில்லையே?"

டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். அந்த மாத்திரையை இப்போது தொடாதீர்கள்.

விறைப்பு என்பது இரத்த ஓட்டம்தான். ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக்குழாயின் அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், இதயத்துக்குப் போவது மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் பிபியும் கொழுப்பும் சிகரெட்டும் இரண்டு குழாய்களின் உள்சுவரையும் ஒன்றுபோலத்தான் கெடுக்கின்றன. அந்தச் சுவர்தான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிய வைக்கிறது, அது பழுதானால் சின்னக் குழாயில் குறை முதலில் தெரிந்துவிடும், இதயம் அப்புறம்தான் காட்டும். பலருக்கு இந்த இடைவெளி இரண்டிலிருந்து ஐந்து வருடம். எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று அர்த்தமில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது கையில் கிடைத்திருப்பது அந்த அவகாசம், அதை விட்டுவிடாதீர்கள்.

நெஞ்சுவலி இல்லை என்பதை நம்பி இருக்கவும் முடியாது. சர்க்கரை நரம்பைப் பாதித்தால் வலி தெரியாமலே போகும். குன்றக்குடி மலைப்படி ஏறும்போது முன்னைவிட மூச்சு வாங்குகிறதா, பழனிக்குப் பாதயாத்திரை போனால் நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திடீரென்று தொடங்கி, விடியற்காலை விறைப்பு மட்டும் வழக்கம்போல இருந்தால் மனக்கவலை காரணமாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலையிலும் இல்லை என்றால் இரத்தக்குழாய்மீதுதான் சந்தேகம் வரும். பிபி மாத்திரைகள் சிலவும் இப்படிச் செய்யும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பார்க்க வேண்டிய பரிசோதனைகள் இவை: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, பிபி, ஈசிஜி, காலை வேளையில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். படுத்தபடி எடுக்கும் ஈசிஜி நன்றாக வந்தாலும் அடைப்பே இல்லை என்று முடிவுகட்ட முடியாது, அதனால் நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். இதெல்லாம் காரைக்குடியிலேயே முடித்துவிடலாம்.

சரி, மாத்திரை விஷயம். வயாக்ரா முதலில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் சோதிக்கப்பட்டது, 1998இல் விறைப்புக்கு அனுமதி கிடைத்தது. இதயம் தாங்கும் என்று டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பலருக்கும் பயப்பட ஒன்றுமில்லை. ஆபத்து எங்கே என்றால், நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் பிபி சடசடவென்று இறங்கி உயிருக்கே வினையாகும். மூலிகை லேகியம் என்று விற்பதிலும் இதே மருந்தைக் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள், அதையும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே விறைப்பு மாத்திரை ஒன்று போட்டுவிட்டு நெஞ்சு அடைத்தால், வீட்டில் யாருக்கோ வாங்கி வைத்த சார்பிட்ரேட்டை எடுத்துப் போடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்று ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வீட்டு ஆச்சி பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள்.