வெஸ்ட் எண்டில் வீடு எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்துவிட்டேன். கோபத்தோடு பதில் எழுதக் கூடாது என்று காலை வரை தள்ளிப் போட்டேன். கோபம் உங்கள் மேல் இல்லை. அட்லாண்டாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, ஆபீஸ் டவுன்டவுனில், வெஸ்ட் எண்டில் பார்த்த அபார்ட்மென்ட் பிடித்திருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது என்கிறீர்கள். ஆனால் கூடத் தங்கியிருப்பவர்கள் "அது பிளாக் ஏரியா, இல்லாதப்பட்டவர்கள் இருக்கிற இடம், வசதியான வெள்ளைக்காரர்கள் இருக்கிற ஆல்ஃபரெட்டா பக்கம் பார்" என்கிறார்கள். உங்கள் மேனேஜரோ கறுப்பினத்தவர், பெரிய வீட்டில் இருக்கிறார். அப்படியானால் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2004-ல் வந்து இறங்கிய முதல் வாரமே எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். "ஐ-20 ஹைவேக்குத் தெற்கே போகாதே." சொன்னவர்கள் நம் ஆட்கள்தான். அவர்களுக்கு அதைச் சொன்னதும் அவர்களுக்கு முன்னால் வந்த நம் ஆட்கள். யாரும் போய்ப் பார்த்ததில்லை. நானும் நாலைந்து வருடம் அதை அப்படியே நம்பினேன். மாற்றியது என் வேலை.

வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் லோன் ஃபைல்களைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு ஃபைலிலும் சம்பளச் சீட்டு, டாக்ஸ் ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும். சில ஃபைல்களில் கூடுதலாக ஒரு தாள் இருக்கும். கிஃப்ட் லெட்டர் என்பார்கள். "முன்பணத்துக்காக என் பேத்திக்கு இந்தத் தொகையைத் தருகிறேன், திருப்பித் தர வேண்டியதில்லை" என்று தாத்தாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்ட ஒற்றைப் பக்கம். ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு நர்ஸ்களின் ஃபைல் வந்தது. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று, வயதும் ஒன்று. வெள்ளைக்காரப் பெண்ணின் ஃபைலில் கிஃப்ட் லெட்டர் இருந்தது. தாத்தாவின் வீட்டை விற்ற பணத்தில் பங்கு, 40,000 டாலர். கறுப்பினப் பெண்ணின் ஃபைலில் அந்தத் தாள் இல்லை. அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. மாதா மாதம் அம்மாவுக்கு 400, தம்பியின் படிப்புக்கு 150. அந்த வரிகளைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. என் ஸ்டேட்மென்ட்டிலும் ஊருக்கு அனுப்பும் பணம் அதே மாதிரி மாதம் தவறாமல் இருந்தது. முதல் பெண் அந்த வருடமே சொந்த வீடு வாங்கிவிட்டார். இரண்டாவது பெண் முன்பணம் போதாமல் திரும்பிப் போனார். இருவரில் யார் அதிகம் உழைத்தார், யார் சிக்கனமாக இருந்தார் என்று அந்தத் தாள்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தாத்தாவின் வீடு எப்படி வந்தது என்று கேட்டால்தான் இந்த ஊர் புரியும். 1930-களில் அரசாங்கமே நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பால் தீட்டி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்தியது. 1934-க்குப் பிறகு அரசு உத்தரவாதத்தோடு வந்த மலிவான வீட்டுக்கடன் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களுடைய புதிய புறநகர்களுக்கும்தான் போனது. வீடு விற்பதில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் வாங்கிய வீடுகள்தான் இன்றைக்குக் கிஃப்ட் லெட்டராக வருகின்றன.

இங்கேயே, அட்லாண்டாவில், பெய்ட்டன் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. 1962 டிசம்பரில் நகர நிர்வாகம் அந்தத் தெருவின் குறுக்கே தடுப்பு கட்டியது. காரணம், கறுப்பின மருத்துவர் ஒருவர் வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கம் வீடு வாங்க முயன்றார். சர்ஜன் அவர், ஏழை இல்லை. அவரிடம் இருந்த பணம்தான் அந்தப் பக்கத்தாரைப் பயமுறுத்தியது. 1963 மார்ச்சில் நீதிமன்றம் சொன்ன பிறகு தடுப்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். இன்று அந்தத் தெரு இருக்கும் கேஸ்கேட் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பின டாக்டர்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஐ-20-க்குத் தெற்கேதான் இருக்கிறது என்பதை உங்கள் ரூம்மேட்டுகளிடம் சொல்லுங்கள்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதி உண்டு, ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர். வீட்டை விற்க நினைத்தபோது, மதிப்பு போடும் அப்ரைசர் வருவதற்கு முதல் நாள் நானும் அவர் வீட்டில் இருந்தேன். ஏணி போட்டுக் கல்யாணப் படம், மகளின் பட்டமளிப்புப் படம், பெற்றோரின் படம் எல்லாவற்றையும் இறக்கி, துணி சுற்றி, என் கார் டிக்கியில் வைத்தார். சுவரில் வரிசையாக ஆணிகள் மட்டும் நின்றன. குடியிருப்பது யார் என்று தெரிந்தால் மதிப்பு குறையும் என்ற பயம். பணம் வந்தாலும் அந்த முத்திரை போவதில்லை. உங்கள் மேனேஜரிடம் "எப்படி இவ்வளவு பெரிய வீடு?" என்று வியந்து கேட்டுவிடாதீர்கள். "நீங்கள் ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள்" என்பதும் வேண்டாம். நமக்கு அது பாராட்டு. அவர்களுக்கு, 'உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்று காதில் விழும்.

வெள்ளைக்காரர் என்றாலே பணக்காரர் என்பதும் இதே போன்ற கட்டுக்கதை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலையிலிருந்து வந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி, நுரையீரல் கெட்டு இறந்தார். வளர்ந்தது டிரெய்லர் வீட்டில், ஃபூட் ஸ்டாம்ப் என்று அரசு ஏழைகளுக்குத் தரும் உணவு உதவியில். அவர் பேச்சு வழக்கைக் கேட்டு "ஹில்பில்லி", அதாவது மலைப்பட்டிக்காட்டான், என்று சிரித்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தான். 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் வறுமைக்கு எதிரான திட்டங்களை விளக்க அந்த மலைப்பக்கம்தான் போனார். இன்றைக்கும் தலை எண்ணிப் பார்த்தால் ஏழைகளில் கறுப்பினத்தவரைவிட வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். விகிதம் பார்த்தால் கறுப்பினத்தவரிடையே வறுமை ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டும் உண்மை. ஆனால் 1976 தேர்தலில், பின்னால் ஜனாதிபதியான ரீகன், அரசு உதவியை ஏமாற்றி வாங்கிய சிகாகோப் பெண் ஒருத்தியின் கதையை மேடை மேடையாகச் சொன்னார். அதிலிருந்து உதவித்தொகை என்றாலே நாட்டுக்குக் கறுப்பினப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சொத்துக் கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். 2022-ல் இந்த நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக்காரக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. சம்பளத்தில் இருக்கும் இடைவெளி இவ்வளவு பெரிதில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு நான் சொன்ன அந்த ஒற்றைத் தாள்.

அப்புறம், "நாம் ரெண்டு பெட்டியோடு வந்து முன்னேறவில்லையா, இவர்களுக்கு என்ன கேடு?" என்று வார இறுதி விருந்துகளில் நம் ஆட்கள் பேசுவது உங்கள் காதில் விழும். இதுதான் எனக்கு வயிறு எரியும் பேச்சு. நம் பெட்டியில் இன்ஜினியரிங் பட்டம் இருந்தது. படித்தவர்களாகப் பொறுக்கித்தான் விசா கொடுத்தார்கள். அதோடு, 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-ல் சட்டம் மாறிய பிறகும் வருடத்துக்கு ஏறக்குறைய 100 இந்தியர்களுக்குத்தான் இடம். கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை போய், உயிர் கொடுத்து நடத்திய போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்த சட்டம் அது. அவர்கள் திறந்த கதவு வழியாக வந்துவிட்டு அவர்களையே குறை சொல்ல நமக்கு வாய் வரலாமா?

கறுப்பினத்தவரை எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிளாக் என்பதும் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் என்பதும் மரியாதையான சொற்கள்தான். நைஜீரியாவிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வந்தவர்கள் தங்கள் நாட்டுப் பெயரைச் சொல்ல விரும்பலாம், அவர்கள் சொல்வதைக் கேட்டு அழையுங்கள். பாட்டில் வரும் 'N-word'-ஐ, அதாவது 'N' எழுத்தில் தொடங்கி கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த ஆங்கிலச் சொல்லை, பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பதற்குக்கூட வாயில் எடுக்காதீர்கள். தமிழில் பேசினால் புரியாது என்றும் நினைக்காதீர்கள். லிஃப்டில் நம் ஆட்கள் இருவர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள், நடுவில் 'பிளாக்' என்ற சொல் மட்டும் ஆங்கிலத்தில். மூலையில் நின்ற கறுப்பினப் பெண்மணி போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார். அவருக்கு வேறு எதுவும் புரிய வேண்டியிருக்கவில்லை. வீட்டில் 'கறுப்பன்' என்று 'அன்' போட்டுப் பேசுவதையும் விட்டுவிடுங்கள். சென்னையில் வாடகைக்குப் போன இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சுருக்கென்று தைக்கும், அதே வலிதான்.

சரி, வீட்டு விஷயம். ஆல்ஃபரெட்டாவில் ரயிலே கிடையாது, நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷன் வரை காரில் வர வேண்டும். வெஸ்ட் எண்ட் ஸ்டேஷனிலிருந்து டவுன்டவுனில் இருக்கும் ஃபைவ் பாயிண்ட்ஸ் ஸ்டேஷனுக்கு இரண்டே ஸ்டாப். பக்கத்திலேயே மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகள். குற்றம் நடப்பதைப் பற்றிய கவலை நியாயமானது, எந்த ஊரிலும் பார்க்க வேண்டியதுதான். அதைத் தெருவாரியாக, போலீஸ் போடும் மேப்பில் பாருங்கள். வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பத்து நிமிடம் நில்லுங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு வருபவரிடம் தண்ணீர், ஹீட்டர், மேனேஜ்மென்ட் எப்படி என்று கேளுங்கள். சனிக்கிழமை எனக்கு ஓய்வுதான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கிறேன்.