மணிக்கூடு: கேள்வி – பதில்

கேள்வி: கையசைவில் தானே சாவி ஏறும் ஓட்டோமெற்றிக் மணிக்கூடு ஒன்று வாங்க இருக்கிறேன். உள்ளே சீக்கோவின் என்.எச்.35 மெசின் என்கிறார் கடைக்காரர். நாளுக்கு 40 செக்கன் கூட ஓடலாம் என்று விபரத்தாளில் இருக்கிறது. இதற்குக் காசு கொடுக்கலாமா?
– ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நாளுக்கு −20 முதல் +40 செக்கன் என்பது தொழிற்சாலை ஏற்கும் எல்லை மட்டுமே. ஒரு நாளில் 86,400 செக்கன் உண்டு. 20 செக்கன் பிசகு அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்த மெசினில் உராய்வைக் குறைக்கும் 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு; முழுச் சாவியில் 41 மணித்தியாலம் ஓடும். திருகியை இழுத்தால் செக்கன் முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். சீக்கோவின் பழைய 7எஸ்26 மெசினில் இந்த இரண்டும் இல்லை. இதன் பெரிய பெறுமதி வேறு: பழுதுபட்டால் மெசினையே கழற்றிப் புதிதாகப் போடலாம், உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டாம்.

வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். தினமும் காலை 7 மணிக்குக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, ஏழு நாள் எழுதி வையுங்கள். ஒவ்வொரு நாளும் +12 செக்கன் என்றால் அது நல்ல மெசின், திருத்திவிடலாம். இன்று +20, நாளை −5 என்றால் திருத்தி எடுக்க முடியாது. ஊசலாடி நேரம் காக்கும் பலன்ஸ் சில்லுக்கு மேல் இரண்டு சிறு நெம்புகள் அருகருகே இருக்கும். வேகத்தை மாற்றுவது ஒன்று, துடிப்பின் சமநிலையை (‘டிக்’கும் ‘டக்’கும் சம இடைவெளியில் விழுவதை) மாற்றுவது மற்றது. தவறானதைத் தொட்டுத்தான் பலர் நல்ல மெசினைக் கெடுக்கிறார்கள். சரியானதையும் மயிரிழை நகர்த்தினால் போதும். திருத்துபவரிடம் அளக்கும் கருவி இருந்தால் அதில் லிஃப்ட் கோணம் என்ற அமைப்பை 53 பாகைக்கு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அலைவீச்சைப் (சில்லு ஊசலாடும் அளவை) பிழையாகக் காட்டும்.

கேள்வி: கூடக் காசு போட்டு சுவிஸ் மெசின் எடுத்தால் நேரம் சரியாக இருக்குமா?
– சம்மாந்துறை

பதில்: சுவிஸ் மெசினான ஈட்டா 2824க்கு மணிக்கு 28,800 துடிப்பு, கையாட்டத்தில் அவ்வளவாகத் தடுமாறாது. ஆனால் அதே 28,800 துடிப்பு ஜப்பானிய மெசினான மியோட்டா 9015இலும் உண்டு, அதன் எல்லை நாளுக்கு −10 முதல் +30 செக்கன். எங்கள் கணிப்பில், சராசரி ஆளுக்கு 9015க்கு மேல் போவது நேரத்துக்காகக் கொடுக்கும் காசு அல்ல. நேரம் மட்டும்தான் வேண்டுமென்றால் பற்றரி மணிக்கூடே போதும்.

கேள்வி: என் மணிக்கூட்டில் இருப்பது மியோட்டா 8215 மெசின். கையை ஆட்டினால் உள்ளே 'கிர்ர்' என்று சுழல்கிறது. செக்கன் முள்ளும் சிலவேளை நின்று, பிறகு பாய்கிறது. பழுதா?
– அக்கரைப்பற்று

பதில்: நீங்கள் எழுதியபடி உள்ளே இருப்பது மியோட்டா 8215. பழுதில்லை. அதன் எடைத்தட்டு ஒரு பக்கம் சுழலும்போதுதான் சாவி ஏற்றும். மறுபக்கம் சும்மா ஓடும், அந்தச் சத்தம்தான் அது. செக்கன் முள்ளை ஓட்டும் பல்சில்லு பிரதான தொடரில் இல்லை, பக்கத்திலிருந்து இழுபடுகிறது. பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில் முள் மிதந்து, பிறகு எட்டிப் பிடிக்கும். நிமிட முள் பிசகாது.

கேள்வி: ஒழுங்காக ஓடிய மணிக்கூடு திடீரென்று நாளுக்கு நாலைந்து நிமிடம் முந்துகிறது.
– கல்முனை

பதில்: பெரும்பாலும் காந்தம் பிடித்திருக்கும். ஸ்பீக்கர், காந்தம் வைத்த கைபேசி உறை ஆகியவற்றின் அருகே வைத்தீர்களா? பலன்ஸ் சில்லோடு இணைந்த மெல்லிய மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் சுருள் குட்டையானது போலாகி வேகம் கூடும். திசைகாட்டியின் அருகே கொண்டு போங்கள்; முள் அசைந்தால் அதுதான். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. அதற்கு முன் வேக நெம்பைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: கடலில் இறங்கிய பிறகு கண்ணாடிக்குள் ஆவி படிகிறது.
– வாழைச்சேனை

பதில்: வெயிலில் காயவைத்துக் காத்திருக்க வேண்டாம். உப்புநீர் உருக்குப் பாகங்களை வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும், முதலில் போவது திருகியின் தண்டு. அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்தி, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.