அந்தக் கடலுக்கு ஏன் அந்தப் பெயர்?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பாடத்தில் 'பசிபிக்' என்றால் அமைதியான என்று இருக்கிறது. "புயலும் சுனாமியும் அங்கேதானே அதிகம், அப்புறம் ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டாள். பெயர் பெயர்தான், பரீட்சைக்குப் படி என்று சொல்லிவிட்டேன். என் சந்தேகம் வேறு. இந்தச் சொல்லைக் கடல் தவிர வேறெதற்குப் பயன்படுத்தலாம்? 'பீஸ்ஃபுல்' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'பீஸ்ஃபுல்' அன்றாடச் சொல். தூக்கம், ஊர், ஊர்வலம் எதற்கும் சொல்லலாம். 'பசிபிக்' பெரும்பாலும் எழுத்தில் வருவது. சண்டையை விரும்பாத, சமாதானத்தை நாடுகிற என்று பொருள். தமிழ்ச் சொல் விவகாரத்தை இப்போதைக்கு விடுங்கள்.

உங்கள் மகள் கேட்டதுதான் கேள்வி. அதைப் போய் 'படி' என்று அடக்கிவிட்டீர்களே! பதில் தெரியாதது குற்றமில்லை. கேட்கிற பிள்ளையின் வாயை அடைப்பது குற்றம்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். 1520 நவம்பர் 28 அன்று போர்ச்சுகீசிய மாலுமி மெகல்லனின் மூன்று கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்கோடி ஜலசந்தியைத் தாண்டி அந்தக் கடலுக்குள் வந்தன. வழியில் புயலே இல்லை. அதனால் அந்தப் பெயர். ஆனால் அவருடன் போன பிகஃபெட்டா எழுதி வைத்திருப்பதைப் படிக்க வேண்டும். மூன்று மாதம் இருபது நாள் புது உணவே கிடைக்கவில்லை. எலி மூத்திரம் நாறும், புழு நெளியும் பிஸ்கட் தூளைத் தின்றார்கள். பாய்மரத்தில் சுற்றியிருந்த தோலைக் கடல்நீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, தணலில் வாட்டிச் சாப்பிட்டார்கள். ஓர் எலி அரை டுகாட்டுக்கு, அதாவது அரைத் தங்கக் காசுக்கு, விலைபோனது. அலை அடங்கிக் கிடந்த கடலில்தான் இத்தனையும் நடந்தது.

கடந்து போகிறவன் அமைதி என்கிறான். அங்கேயே வாழ்கிறவனை யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக இதுவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே கடலில் மார்ஷல் தீவுகள். 1946 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிகினித் தீவுக்கு வந்தார். மனிதகுலத்தின் நன்மைக்காக, உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டுவதற்காக, கொஞ்ச காலம் தீவைவிட்டுப் போக முடியுமா என்று ஞாயிறு வழிபாடு முடிந்து வந்த ஜனங்களிடம் கேட்டார். கேட்டது சமாதானத்தின் பெயரால், எதற்கென்றால் அணுகுண்டு சோதனைக்கு. 167 பேர் கிளம்பினார்கள். முதலில் கொண்டுபோய் விட்ட ரோங்கெரிக் தீவில் பட்டினி கிடந்தார்கள். 1948இல் கிலி என்ற தீவுக்கு மாற்றினார்கள். அங்கே காயல் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் காயலில் மீன் பிடித்தே வாழ்ந்த ஜனங்கள் அவர்கள்.

1958க்குள் பிகினியில் 23 குண்டுகள் வெடித்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்தது ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், மக்கள் வாழ்ந்த ரோங்கெலாப் தீவில் பவளத் துகள் வெள்ளைச் சாம்பலாகக் கொட்டியது. என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். பிறகு வாந்தி எடுத்தார்கள், தோல் எரிந்தது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவர்களைக் கூட்டிப்போக இரண்டு நாள் கழித்தே கப்பல் வந்தது. 1957இல் 'ஆபத்தில்லை' என்று திரும்பக் குடியேற்றினார்கள். நோய் விடவில்லை. 1985இல் அந்த ஜனங்களே ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகம் என்பீர்கள். அந்தச் சாம்பலில் விளையாடியவர்களில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள். பரீட்சையில் 'அமைதியான' என்றே எழுதட்டும், மதிப்பெண் போகக் கூடாது. அதற்குமேல் அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு, அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை நீங்கள் திருத்த வேண்டாம்.

அன்புடன்.